பக்கத்து கேஸைப் படிக்காத திருத்தம்

திருவொற்றியூரில் 'டிரைவர்' என்றால் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஜீரோ கேட்டைப் பார்த்தபடி வரிசையில் நிற்கும் வண்டிக்குள், ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்குகிறவர். "லீவு நாள்ல உட்கார்ந்து டிரைவர் படிக்கிறேன்" என்று நான் சொன்னதை எங்கள் தெருவில் யாரும் சரியாகப் புரிந்துகொண்டதில்லை. நான் படிப்பது லினக்ஸ் கெர்னலில் இருக்கிற டிரைவர்களை. யாரும் ரசித்துப் படிக்காத, ஆனால் எண்ணி முடியாத பெட்டிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற எழுத்து அது. நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம், ஒரு ஃபங்ஷனுக்கு எழுதினால் என்ன என்று ரொம்ப நாளாக ஒரு ஆசை.

இந்தத் தடவை எடுத்துக்கொண்டது இன்டெலின் ஐஎஸ்எம்டி என்கிற எஸ்எம்பஸ் டிரைவர். அதிலும் ஒரே ஒரு ஃபங்ஷன், ஐஎஸ்எம்டி ஆக்சஸ். 2022-ல் இந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் இரண்டு சிவிஇ எண்கள் விழுந்தன: சிவிஇ-2022-2873, சிவிஇ-2022-3077. இரண்டுமே 'சேவை மறுப்பு' வகை. அந்த மொழிபெயர்ப்பு எனக்குப் பிடிக்காது. ரேஷன் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி ஒலிக்கிறது. நடப்பது என்னவென்றால் மெஷின் செத்துப்போகிறது. நம்ம ரேஷன் கடை பாஷையிலேயே சொன்னால், "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க."

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம். ஒரு சர்க்யூட் போர்டுக்குள் சில்லுகள் ஒன்றோடொன்று பேச, பிலிப்ஸ் கம்பெனி 1982-ல் கொண்டுவந்தது ஐ-ஸ்கொயர்-சி பஸ். இரண்டே கம்பி, ஒன்று கடிகாரத் துடிப்புக்கு, ஒன்று டேட்டாவுக்கு. அதை அடிப்படையாக வைத்து 1990-களின் நடுவில் இன்டெலும் பேட்டரி தயாரிக்கும் டியூராசெல்லும் சேர்ந்து உருவாக்கிய கறாரான வடிவம் எஸ்எம்பஸ். லேப்டாப் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, போர்டு எவ்வளவு சூடு, ஃபேன் சுற்றுகிறதா, பவர் சப்ளை ஒழுங்காக இருக்கிறதா என்கிற மாதிரி சில்லறை விசாரிப்புகள் எல்லாம் இந்த வழியாகத்தான் போகும். வேகம் கிடையாது, கவர்ச்சி கிடையாது. இது நின்றுபோனால்தான் இப்படி ஒன்று இருந்ததே தெரியும்.

எஸ்எம்பஸ்ஸில் 'பிளாக்' என்று ஒரு பரிமாற்றம் உண்டு. ஒரே மூச்சில் பல பைட்டுகளை அனுப்புவது. பழைய விதிப்படி அதிகபட்சம் 32 பைட். எத்தனை பைட் வருகிறது என்பதை முதல் பைட்டில் சொல்ல வேண்டும். லினக்ஸில் இதற்கான அரேயின் அளவு 34: பூஜ்ஜியமாவது இடத்தில் நீளம், பிறகு 32 டேட்டா, கடைசியில் பழைய புரோகிராம்களோடு ஒத்துப்போக இன்னொன்று. பிரச்சினை எங்கே என்றால், நீளம் சொல்கிற அந்த ஒரு பைட் 0-விலிருந்து 255 வரை எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சரக்கு 32-க்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் சரக்குச் சீட்டில் 255 என்று எழுதத் தடை எதுவும் இல்லை.

சரக்குச் சீட்டு என்று சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை. 2007 ஜனவரியில் எம்எஸ்சி நாப்போலி என்ற கண்டெய்னர் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் உடல் விரிசல் கண்டு, கரையோரம் கொண்டுபோய்த் தரைதட்ட வைக்கப்பட்டது. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைக் குழு, மேல்தளத்தில் நனையாமல் மிஞ்சிய சுமார் 660 கண்டெய்னர்களை எடை போட்டுப் பார்த்தது. 137 பெட்டிகளின் நிஜ எடை, சீட்டில் எழுதிய எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் வித்தியாசப்பட்டது. ஐந்தில் ஒன்று. அனுப்புகிறவர் எழுதித் தந்த எண்ணை எல்லோரும் அப்படியே நம்பியிருக்கிறார்கள். 2016 ஜூலை 1-லிருந்து, எடை சரிபார்த்த சான்று இல்லாமல் எந்தக் கண்டெய்னரும் கப்பலில் ஏறக் கூடாது என்று சர்வதேச விதி வந்தது. நம்ம துறைமுகத்துக்கும் அதே விதிதான். அந்த விதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு கிரேன் ஆபரேட்டரும் தானாகச் சந்தேகப்பட வேண்டும் என்று அது சொல்லவில்லை. கப்பலில் ஏறுவதற்கு முன்னாடியே, எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக ஒரு இடத்தில், எடை தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது ஃபங்ஷனுக்கு வருவோம். ஐஎஸ்எம்டி டிரைவர் 2013-ல் கெர்னலுக்குள் வந்தது, இன்டெல் ஆட்டம் எஸ்12 வரிசைச் சில்லுகளுக்காக. பிறகு அதே டிரைவர் ஆட்டம் சி2000 வரிசைக்கும் உதவியது. ஃபயர்வால் பெட்டி, நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி போன்றவற்றில் ஒரு காலத்தில் நிறையப் புழங்கிய சில்லு அது. கம்ப்யூட்டர் என்று யாரும் நினைக்காத கம்ப்யூட்டர்கள்.

ஃபங்ஷனின் உடம்பு ஒரு நீண்ட ஸ்விட்ச்-கேஸ். எந்த வகைப் பரிமாற்றம் என்று பார்த்து அந்தந்தக் கேஸுக்குப் போகும். நமக்குத் தேவையான மூன்று கேஸ்கள் அடுத்தடுத்து, ஒண்டுக் குடித்தனம் மாதிரி, ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு இருக்கின்றன. முதலாவது 'பிளாக் பிராசஸ் கால்'. இரண்டாவது 'பிளாக் டேட்டா'. மூன்றாவது 'ஐ-ஸ்கொயர்-சி பிளாக் டேட்டா'. மூன்றும் செய்கிற வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்: பயனர் கொடுத்த நீளத்தைப் படி, அத்தனை பைட்டுகளை டிஎம்ஏ பஃபருக்கு நகல் எடு, ஹார்டுவேரிடம் ஒப்படை.

அந்தப் பஃபர் எவ்வளவு பெரிது? 32 கூட்டல் 16, மொத்தம் 48 பைட். அந்தக் கூடுதல் 16 தாராள மனசில் வந்ததல்ல. முகவரி 16-இன் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதால் முன்னால் 15 பைட் வரை வீணாகலாம். மிஞ்சுவது குறைந்தது 33. கமாண்ட் பைட் ஒன்று, டேட்டா 32. அளவெடுத்துத் தைத்த சட்டை, ஒரு இழை கூட மிச்சமில்லை. இதை எழுதியவர் கணக்கு தெரியாதவர் அல்ல. அந்தச் சட்டைக்குள் 255 பைட் உடம்பு நுழைந்தால் என்ன ஆகும்? பக்கத்து நினைவகம் கிழியும். அது மட்டுமல்ல, நகல் எடுக்கிற இடத்தில் இருப்பதே 34 பைட்தான். அதைத் தாண்டி, கெர்னலின் ஸ்டாக்கில் கிடக்கிற சம்பந்தமில்லாத குப்பையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும்.

முதல் கேஸில் நீளத்துக்குச் சரிபார்ப்பு இல்லை. இரண்டாவதில் எழுதும் பாதையில் சரிபார்ப்பு இல்லை. இதைப் படிக்கும்போது, சரி, ஆசிரியருக்கு இந்த அபாயம் தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கினேன். மூன்றாவது கேஸில் தூக்கிவாரிப் போட்டது. அங்கே சரிபார்ப்பு இருக்கிறது! 'நீளம் செல்லுபடியாகிறதா என்று பார்' என்கிற பொருளில் ஒரு கமெண்ட், அதன் கீழே ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் ஒன்று ஆக்கு, 32-ஐத் தாண்டினால் 32 ஆக்கு. இன்டெலின் பழைய ஐ801 டிரைவரிலும் ஏறக்குறைய இதே வரிகள் இருந்தன. ஆக, அபாயம் தெரிந்திருக்கிறது, மருந்தும் கையில் இருந்திருக்கிறது. மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்கு மட்டும் பூட்டு போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. 2017-ல் இதே டிரைவரின் படிக்கும் பாதையில் ஒரு திருத்தம் வந்தது. பஸ்ஸின் அந்தப் பக்கம் இருக்கிற சில்லு "இத்தனை பைட் அனுப்புகிறேன்" என்று சொல்வதையும், கம்பியில் நிஜமாக எத்தனை பைட் வந்தது என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் பிழை என்று திருப்பி அனுப்புகிற திருத்தம். நல்ல திருத்தம், கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அந்தச் சந்தேகம் சில்லின் மேல் மட்டும்தான். எதிர்த் திசையில், மனிதர் எழுதிய புரோகிராம் நீளத்தைப் பற்றிப் பொய் சொல்லக்கூடும் என்பது அந்தச் சமயம் கேட்கப்படவில்லை. ஒரு பைசா சென்சாரைச் சந்தேகித்தோம், நம்ம ஆளை நம்பினோம்.

பிறகு 2022. ஆண்டின் முற்பாதியில் முதல் கேஸுக்குத் திருத்தம் வந்தது. இரண்டே வரி: நீளம் 1-க்குக் கீழோ 32-க்கு மேலோ இருந்தால் 'தவறான மதிப்பு' என்று திருப்பி அனுப்பு. பேட்சின் விளக்கம் கச்சிதம். இந்த மதிப்பு பயனரிடமிருந்து வருகிறது, 0 முதல் 255 வரை இருக்கலாம், வரம்பு கட்டாவிட்டால் பஃபருக்கு வெளியே எழுதும். ஒரு சொல் அதிகம் இல்லை. படித்தால் கை தட்டத் தோன்றும். ஆனால் அதே ஃபங்ஷனில், சில வரிகள் கீழே, அதே பொருளில், அதே மெம்காப்பி, அதே நம்பிக்கை. அது அப்படியே இருந்தது. அதற்கான திருத்தம் ஆண்டின் பின்பாதியில், வேறொருவர் கையால் வந்தது. முதல் கேஸ் டிரைவரில் பல வருடம் கழித்துச் சேர்ந்தது. இரண்டாவது கேஸின் ஓட்டை 2013-லிருந்தே இருக்கிறது. ஆக, புது வீட்டுக்கு முதலில் பூட்டு வந்தது, பழைய வீடு ஒன்பது வருடம் திறந்தே கிடந்தது. சிவிஇ எண்களும் தலைகீழ். பின்னால் திருத்தப்பட்டதற்கு 2873, முன்னால் திருத்தப்பட்டதற்கு 3077. எண்ணை வைத்துக் காலவரிசை போடுகிறவர்கள் கவனிக்கவும்.

இந்த இடத்தில் நான் கேலி செய்ய ஆரம்பித்திருக்க வேண்டும். செய்ய முடியவில்லை, காரணம் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. மணலி பக்கம் ஒரு டேங்க் ஃபார்முக்கு நாங்கள் ஒரு கேட்வே பெட்டி கொடுத்திருந்தோம். ஆர்எஸ்-485 கம்பியில், மோட்பஸ் நெறிமுறையில், டேங்குகளின் மட்டத்தைப் படித்துக் கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்புகிற பெட்டி. மோட்பஸ் பதிலிலும் இதே மாதிரி 'இத்தனை பைட் வருகிறது' என்று ஒரு பைட் உண்டு. நான் எழுதிய கோடு அதை அப்படியே நம்பியது. சீட்டு சொன்ன அளவை நகல் எடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் செக்சம் பார்த்தது. ஒரு மழைக்காலத்தில் கம்பியில் இரைச்சல் ஏறி நீளப் பைட் கெட்டுப்போய் வர, பெட்டி விழுந்தது. வாட்ச்டாக் எழுப்பியது. திரும்ப விழுந்தது. ராத்திரி முழுக்க இதே கதை.

மறுநாள் கண்டுபிடித்தேன். ஃபங்ஷன் கோடு 3-க்கான பதிலைப் பிரிக்கும் இடத்தில் இரண்டு வரி சேர்த்தேன், ரிவ்யூவுக்கு அனுப்பினேன், சீனியர் "சூப்பர்" என்று ஓகே போட்டார். மோட்பஸ் தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். ஃபங்ஷன் கோடு 4-க்கான பதிலும் அச்சு அசல் அதே அமைப்புதான். அதைப் பிரிக்கும் ஃபங்ஷன் என் ஃபைலில், அதே திரையில், முப்பது வரி கீழே இருந்தது. இரண்டு மாதம் கழித்து அது விழுந்தது.

அந்த இரண்டாவது ராத்திரியில் சைட்டுக்குப் போயிருந்தேன். மட்டம் தெரியவில்லை என்றால் என்ன செய்வார்கள் என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். ஆபரேட்டர் ஒருவர், ஐம்பதை நெருங்கியவர், டார்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, டிப் டேப்பை எடுத்துக்கொண்டு, மழை ஈரத்தில் டேங்க் ஏணியில் ஏறினார். மேலே போய் மூடியைத் திறந்து, டேப்பை இறக்கி, அளவெடுத்து, இறங்கி வந்து நோட்டில் எழுதினார். அடுத்த டேங்க். விடியும்வரை மணிக்கு ஒரு தடவை. "பரவால்ல சார், இதெல்லாம் வரதுக்கு முன்னாடி நாங்க இப்படித்தான பண்ணோம்" என்றார். பழி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அதனால் ஐஎஸ்எம்டியில் நடந்ததை அஜாக்கிரதை என்று முடித்துக்கொள்ள என்னால் முடியாது. எனக்கும் அவர்களுக்கும் ஒரே வியாதி. அது பேட்சைப் படிக்கிற முறையில் இருக்கிறது. ரிவ்யூ செய்கிறவர் கண்ணுக்கு வருவது மாறிய வரிகளும், மேலே மூன்று வரி கீழே மூன்று வரியும். அந்தச் சன்னல் வழியாகப் பார்த்தால் திருத்தம் சரியாகத்தான் இருக்கும். சரியாக இருக்கிறதா என்பதுதான் கேட்கப்படும் கேள்வி, போதுமா என்பது கேட்கப்படுவதே இல்லை. மாறாத வரிகளைப் படிக்கச் சொல்கிற கருவி நம்மிடம் இல்லை. அல்லது இருந்தும் சோம்பல். முழு ஃபங்ஷனையும் திறந்து, "இதே அனுமானம் வேறு எங்கே இருக்கு?" என்று தேட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பெயர் கிடையாது, பாராட்டும் கிடையாது.

ஆனால் தனிமனிதர் சோம்பல் என்பதோடு நிறுத்தினால் விமர்சனம் பாதிதான். துறைமுக எடை விதிக்குத் திரும்ப வருகிறேன்.

லினக்ஸின் ஐ-ஸ்கொயர்-சி அமைப்பில் எல்லாப் பரிமாற்றங்களும் ஒரு பொது மையம் வழியாகப் போகின்றன. அங்கிருந்து இரண்டு பாதை. ஹார்டுவேருக்கு எஸ்எம்பஸ் நேரடியாகத் தெரியாது என்றால், மையமே அதைச் சாதாரண ஐ-ஸ்கொயர்-சி செய்திகளாக மாற்றி அனுப்பும். அந்தப் பாதையில் நீளம் 32-ஐத் தாண்டுகிறதா என்று மையம் பார்க்கிறது, தாண்டினால் 'தவறான பிளாக் அளவு' என்று பதிவு செய்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறது. ஹார்டுவேருக்கு எஸ்எம்பஸ் தெரியும் என்றால், மையம் ஒன்றும் கேட்காமல் அப்படியே டிரைவரிடம் தள்ளிவிடுகிறது. ஐஎஸ்எம்டி இந்த இரண்டாவது ரகம். பயனர் புரோகிராமிலிருந்து தகவலை உள்ளே கொண்டுவரும் இடத்திலும், அரேயின் அளவுக்கு நகல் எடுக்கிறார்களே தவிர நீளப் பைட் என்ன சொல்கிறது என்று பார்ப்பதில்லை. ஒரு கேட்டில் எடை மேடை இருக்கிறது, பக்கத்து கேட்டில் இல்லை. இல்லாத கேட் வழியாக வருகிற வண்டியை ஒவ்வொரு கிரேன் ஆபரேட்டரும் தன் கண்ணால் எடை போட்டுக்கொள்ள வேண்டும். சிலர் போட்டார்கள். சிலர் மூன்றில் ஒரு தடவை போட்டார்கள்.

2023-ல் இதற்கு இன்னொரு சான்று வந்தது. சிவிஇ-2023-2194, எக்ஸ்-ஜீன் ஸ்லிம்ப்ரோ என்ற ஐ-ஸ்கொயர்-சி டிரைவர். வேறு கம்பெனி, வேறு கட்டமைப்பு, ஏஆர்எம் சர்வர் சில்லு. ஆனால் ஓட்டை என்ன? பயனரிடமிருந்து வந்த நீளப் பைட்டுக்கு வரம்பு கட்டாமல் மெம்காப்பிக்கு அளவாகக் கொடுத்தது, டிஎம்ஏ பஃபரைத் தாண்டி எழுதியது. விவரணையில் டிரைவர் பெயரை மாற்றினால் முந்தைய இரண்டோடு குழம்பிவிடுவீர்கள். மூன்று எண்கள், மூன்று பேட்சுகள், ஒரே வாக்கியம். இதை மூன்று பிழை என்று எண்ணுவதை விட, மையத்தில் விடுபட்ட ஒரே வரி மூன்று இடத்தில் வெளியே தெரிந்தது என்று சொல்வதே சரி என்பது என் கட்சி.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு, சொல்லிவிட வேண்டும். 2014-ல் வந்த எஸ்எம்பஸ் 3.0 பிளாக் வரம்பை 255-க்கு உயர்த்திவிட்டது. மையத்தில் 32 என்று கல்லில் செதுக்கினால் நாளைக்கு அதை உடைக்க வேண்டி வரும். எந்த ஹார்டுவேருக்கு என்ன வரம்பு என்பது அந்தந்த டிரைவருக்குத்தான் தெரியும் என்பார்கள். படிக்கும் திசையில் வேறு சிக்கல்: நீளத்தைச் சொல்வது எதிர்முனைச் சில்லு, அது சொல்லும் வரை மையத்துக்கு ஒன்றும் தெரியாது, அதை டிரைவர்தான் பார்த்தாக வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் இன்றைக்கு லினக்ஸ் தருகிற அரே 34 பைட்தான். 255 வரும் நாளில் அந்த அரேயையும் மாற்றித்தான் ஆக வேண்டும், அப்போது கேட்டில் இருக்கிற எண்ணையும் மாற்றினால் போயிற்று. என்றோ வரப்போகிற பெரிய லாரிக்காக இன்றைக்கு எடை மேடையே வேண்டாம் என்பது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. இந்தப் பஸ்ஸைத் தொட அதன் சாதனக் கோப்பைத் திறக்க வேண்டும், அது வழக்கமாக ரூட்டுக்கு, அல்லது அதற்கென்றே வைத்த ஒரு குழுவுக்கு மட்டும்தான் திறக்கும். ரூட் நினைத்தால் எப்படியும் மெஷினைச் சாய்க்கலாமே, இதில் என்ன பெரிய பாதுகாப்பு ஓட்டை? சர்வர் அறைக்கு இது சரி. எம்பெடட் பெட்டிகளுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு நிலவரம் தெரியும். அங்கே எல்லாமே ரூட்டாகத்தான் ஓடும், அல்லது யாரோ ஒருவர் டெட்லைன் நெருக்கடியில் அந்தக் கோப்புக்கு 666 அனுமதி போட்டுவிட்டுப் போயிருப்பார். அதோடு, எதிரி வேண்டும் என்றே அவசியமில்லை. வெப்பநிலை படிக்கிற ஒரு புரோகிராமில் ஒரு மாறியைத் துவக்காமல் விட்டால் போதும், நீளப் பைட்டில் ஏதாவது ஒரு குப்பை எண் உட்கார்ந்துவிடும். என் மோட்பஸ் பெட்டியை யாரும் தாக்கவில்லை. மழைதான் தாக்கியது.

மதிப்பெண் பற்றியும் ஒரு புலம்பல். ஐஎஸ்எம்டியின் இரண்டு ஓட்டைகளுக்கும் சிவிஎஸ்எஸ் கணக்கில் 5.5, 'நடுத்தரம்'. உள்ளிருந்துதான் தாக்க முடியும், ரகசியம் கசியாது, தகவல் திரியாது, மெஷின் மட்டும் நிற்கும் என்று போட்டால் அந்தச் சூத்திரம் 5.5 தரும். கணக்கில் தப்பில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து லினக்ஸ் கெர்னல் குழுவே சிவிஇ எண்களை வழங்க ஆரம்பித்த பிறகு, வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வருகின்றன. அந்த வெள்ளத்தில் ஒரு 5.5-ஐ யார் நின்று படிப்பார்கள்? ஆனால் 'மெஷின் மட்டும் நிற்கும்' என்பதில் இருக்கிற அந்த 'மட்டும்' யாருடையது? மேசையில் இருக்கிற கம்ப்யூட்டர் நின்றால் டீ குடித்துவிட்டு வரலாம். எங்கள் பக்கத்தில் பெட்டிகள் நிற்கிற இடம் வேறு. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் கடலுக்கு அடியில் போகும் அம்மோனியா குழாய் கசிந்தபோது பெரியகுப்பம் ஜனங்கள் நடுராத்திரியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே ஓடினார்கள். அந்தச் சம்பவத்துக்கும் இந்த டிரைவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இந்தக் கரையில் ஒரு சென்சார் பேசாமல் போவது என்பதன் அர்த்தம், அந்தச் சூத்திரத்தின் கடைசி எழுத்தில் அடங்காது. டார்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருவர் ஏணியில் ஏறுவது சிவிஎஸ்எஸ்ஸில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

முடிப்பதற்கு முன் அந்த மூன்று கேஸ்களுக்கு ஒரு தடவை திரும்பிப் போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டு திருத்தங்களும் வந்த பிறகும் அங்கே ஒன்று உறுத்துகிறது. முதல் இரண்டு கேஸ்களும் 255 என்று சொன்னால் இப்போது மறுத்துத் திருப்பி அனுப்புகின்றன. மூன்றாவது, ஆரம்பத்திலிருந்தே பூட்டு வைத்திருந்த அந்தக் கேஸ், 255-ஐச் சத்தமில்லாமல் 32 ஆக்கிவிட்டு வேலையைத் தொடர்கிறது. மெஷின் சாகாது. ஆனால் கேட்டது ஒன்று, கம்பியில் போனது ஒன்று. அந்த முனையில் ஒரு ஈஈப்ராம் இருந்தால், யாரோ எழுத நினைக்காத 32 பைட் அதில் பதிந்திருக்கும். நீளம் 0 என்று சொல்லி எழுதச் சொன்னால் இன்னும் மோசம். ஒன்றுமே எழுத வேண்டாம் என்று சொன்னவரின் பெயரில் ஒரு பைட் எழுதப்படும், வெற்றி என்றும் பதில் வரும். ஐ801 டிரைவரில் இந்த மௌனமான திருத்தலை எடுத்துவிட்டு நேரடியாக மறுக்கும்படி 2021 வாக்கிலேயே மாற்றிவிட்டார்கள். ஐஎஸ்எம்டியின் அந்தக் கேஸை, பக்கத்துக் கேஸைத் திருத்த வந்த இருவருமே தொடவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு சரிபார்ப்பு இருந்ததே, அதனால் கண்ணில் பட்டிருக்காது.

இதற்கு ஒரு பேட்ச் எழுதி வைத்திருக்கிறேன், மூன்று வரி. அனுப்புவதற்கு முன்னால் அந்த ஃபைலை மேலிருந்து கீழ்வரை இன்னொரு தடவை படித்துக்கொண்டிருக்கிறேன்.